ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

என் மாமனாரின் வேட்டியில் தினமும் ஒரே இடத்தில் எண்ணெய்க் கறை விழும். இடது முழங்காலுக்கு நாலு விரற்கடை மேலே, எட்டணா அகலத்துக்கு. எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே இதைக் கவனித்துவிட்டேன். புது மருமகள் கவனிக்க வீட்டில் வேறு எவ்வளவோ இருந்தன. ஆனால் என் சுபாவம் அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலு பேர் தெருவில் குனிந்து எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் ஐந்தாவது தலை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று அம்மா திட்டுவாள். போதாக்குறைக்கு பி.எஸ்ஸி. வேதியியல் வேறு. படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை, கறை கிடைத்தது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மாமா நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஐம்பத்தெட்டு வயது. என் வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். நாத்தனாரைச் சேத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. ஆக, பகல் முழுக்க நானும் மாமாவும் அத்தையும் அந்தக் கறையும்தான்.

மாமா சாப்பிடுவதைப் பார்த்தால் வேட்டியில் கறை விழுகிற ஆளாகத் தெரியாது. இலையில் ரசம் ஓடினால்கூட கையால் அணைகட்டி நிறுத்திவிடுவார். கை நடுங்குகிறதோ என்று பார்த்தேன், நடுங்கவில்லை. துவைக்கப் போடும்போது ஒருநாள் கறையை மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய். எங்கள் வீட்டில் சமையலுக்குக் கடலை எண்ணெய், தலைக்குத் தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெய் இருந்தது சாமி விளக்கில் மட்டும். சாமி கும்பிடுவதை மொத்தமாக அத்தையிடம் ஒப்படைத்துவிட்ட மனுசனுக்கு விளக்கோடு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை.

கறை எடுப்பது அத்தையின் பொறுப்பு. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கறை மேஜையில் உட்கார்ந்திருந்தவர். தறியிலிருந்து வரும் துணியில் அங்கங்கே மெஷின் எண்ணெய் சொட்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியில் பொட்டுக் கறைகூட இருக்கக் கூடாது. நீளமான ஒரு மேஜையைச் சுற்றி எட்டுப் பெண்கள் உட்கார்ந்து, கறை எடுக்கும் லிக்விடைத் துணிப்பந்தில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். வெள்ளைத் துணியில் தூசி விழும் என்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்களாம். மின்விசிறியும் போடக் கூடாதாம்.

வேலையை விட்டு வந்த பிறகும் அத்தை அந்த லிக்விட் பாட்டில் ஒன்றை வீட்டில் வைத்திருந்தார், தீர்ந்தால் மறுபடி வாங்கிக்கொள்வார். தெருவில் யார் வீட்டுப் பட்டுச் சேலையில் எண்ணெய் பட்டாலும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சேலை வராத நாளில் மாமாவின் வேட்டி. மதியம் மூன்று மணிக்கு வேட்டியையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "தொறந்து வச்சா தூசி படும்" என்பார். எட்டணாக் கறைக்கு அரை மணி நேரம் ஆகும்.

திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவார். காலை அத்தை கண்டிப்பானவர். உப்பு ஒரு கல் கூடினால் உதட்டைப் பிதுக்குவார். நாலு மணி அத்தை சிரிப்பார், கன்னம் சிவந்திருக்கும், என் தலையைப் பின்னிவிடுவார், தறிக்காரர்களைப் போல நடித்துக் காட்டுவார். நாக்கு மட்டும் சில வார்த்தைகளில் வழுக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நாலு மணி அத்தையைத்தான் பிடித்திருந்தது. மூன்று மணிக்கு அந்தக் கதவு சாத்துவதை நானும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டு திரும்பியவள் அதைப் பார்த்தேன். மாமா சாமி அலமாரிக்குப் போனார். விளக்கில் ஆட்காட்டி விரலை நனைத்தார். ஓட்டுப் போடும் இடத்தில் மை வைப்பார்களே, அந்த நிதானத்தோடு தன் வேட்டியில் தானே ஒரு பொட்டு வைத்தார். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு, "இந்தா, இன்னைக்கும் பட்டுருச்சு" என்று அத்தையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

எனக்கு அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பின்கட்டுக்குப் போய்ப் பாட்டிலைத் தேடி எடுத்தேன். லேபிளில் மண்டை ஓட்டுப் படம். காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. இதோடு நிறுத்தியிருந்தால் நான் நானாக இருக்க முடியாதே, மூடியைத் திறந்து மூச்சை இழுத்தும் பார்த்தேன். இனிப்பாக ஒரு வாடை. தரை ஒரு பக்கம் சாய்ந்தது. நெஞ்சு தறி ஓடுவதுபோல் அடித்துக்கொண்டது. சாயந்தரம் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அத்தைக்கு நான் உண்டாகியிருக்கிறேனோ என்று ஒரே சந்தோஷம்.

மறுநாள் மாமாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் முதலில் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் நகரவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கம்பெனியில இருந்த காலத்துலயே அவளுக்கு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை தலவலி வரும் தாயி. அவளுக்கு மட்டுமில்ல, அந்த மேசையில இருந்த அம்புட்டுப் பேருக்கும். திங்கக்கெழமை போயி மேசையில உக்காந்தாச் சரியாப் போயிரும். லீவு நாள்ல வீட்டு வேலை சாஸ்தி, அதான் தலவலின்னு நெனச்சோம். பொறவு வேலையை விட்டு நின்னா பாரு, தெனமும் ஞாயித்துக்கெழமை ஆயிப்போச்சு."

"நிறுத்தப் பாக்கலையா மாமா?"

"ஒருக்கா பாட்டிலை ஒளிச்சு வச்சேன். மூணு நாளு கைகால் நடுங்கிப் படுத்துட்டா. என்னைய அடிக்க வந்துட்டா. அப்படியொரு மொகத்தை நான் பாத்ததில்ல."

"அதுக்காக நீங்களே கறை வைப்பீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "கறை இருந்து பாட்டிலைத் தொறந்தா அது வேலை. கறை இல்லாமத் தொறந்தா அது பழக்கம். வெத்தலகூடப் போடாதவ தாயி அவ. அவளைப் பழக்கக்காரின்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. அவளே நெனச்சிறக் கூடாது."

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். பெண்டாட்டி மேல் இவ்வளவு பிரியத்தையும் இவ்வளவு முட்டாள்தனத்தையும் ஒரே ஆளிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தியைப் பார்த்தேன். மேலே மருந்தியல் படித்துவிட்டு மருந்துக் கடையில் இருந்தாள். தெரிந்தவர் ஒருவர் என்று மட்டும் சொல்லி விஷயத்தைக் கேட்டேன். தேர் வடம் பிடிக்கிற சத்தத்தில் அவள் என் காதுக்குள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கொழுப்பைக் கரைக்கிற சாமான் துணியில் மட்டுமா கரைக்கும், மூளையிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கை வைக்கும் என்றாள். இதயத்தைத்தான் பெரிதாகச் சொன்னாள். "மோந்த சமயத்துல இதயம் வெடுவெடுன்னு இருக்கும்டி. திடீர்னு பயந்தாலோ ஓடினாலோ துடிப்பு தாறுமாறாப் போயி நின்னுகூடப் போகும். சின்ன வயசுக்காரன் மோந்து தள்ளாடினா ஊரே கண்டுபிடிச்சிரும். வயசானவங்க தள்ளாடினா பிரஷர்னு விட்டுருவோம், மறந்து பேசினா வயசாச்சுன்னு விட்டுருவோம். யாரும் கேக்கவே மாட்டாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு குரங்குக் கதை ஞாபகம் வந்தது. அத்தையின் கறை மேஜைக்காரி ஒருத்தி, இரண்டு தெரு தள்ளி இருந்தவர், மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டிருந்தபோது குரங்கு வந்து முன்னால் குதித்ததில் விழுந்து செத்துப்போனார். நல்ல திடமான பெண். குரங்கு பயமுறுத்திச் செத்தவள் என்று ஊரில் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். மலையடிவாரத்து ஊரில் குரங்கைப் பார்த்துப் பயப்படுகிறவள் எவள் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. ராஜபாளையத்துக்குத் திரும்பியதும் அவர் மகளிடம் போய், அன்றைக்கு மாடியில் வேறு என்ன கிடந்தது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "என்ன கெடந்துச்சு, வத்தலு, சுளகு, அம்மா கறை எடுக்குற துணி" என்றாள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் உருப்படியாக என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை. பின்கட்டு ஜன்னலைத் திறந்து வைத்தேன், அத்தை சாத்தினார். வேட்டியை நானே சோப்புப் போட்டுத் துவைத்து வைத்தேன், மாமா மறுபடி பொட்டு வைத்தார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்கம்மாவைச் சொல்றியா?" என்ற ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிட்டார். அப்புறம் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த அறைப் பக்கம் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொண்டேனே ஒழிய அத்தையைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடம் ஓடிப்போனது. அத்தை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார், பேரப்பிள்ளையின் பெயரை மறந்தார், வாசற்படியில் இரண்டு முறை விழுந்தார். வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். விஷயம் தெரிந்த நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

மூன்றாவது முறை துவைக்கிற கல்லில் விழுந்தார். வலது கையில் முழங்கைக்கு மேலே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிளேட் வைக்க வேண்டும், மறுநாள் காலை ஆபரேஷன் என்றார்கள்.

காலையில் அத்தையின் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. மாமா, என் வீட்டுக்காரர், சேத்தூரிலிருந்து நாத்தனார், அவள் மாமியாரான சம்பந்தியம்மா. அந்தச் சம்பந்தியம்மாவும் அத்தையும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகித்தான் சம்பந்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் துணி மடிக்கிற பகுதியில் இருந்தவர் என்பதுவரை எனக்குத் தெரியும். சேத்தூரில் மரியாதைப்பட்ட குடும்பம். நாத்தனார் அங்கே கொஞ்சம் பயந்துதான் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார். நெஞ்சில் கருவியை வைத்துச் சிறிது நேரம் கேட்டார். முகம் கொஞ்சம் மாறியது. வேறு இடத்தில் வைத்து மறுபடி கேட்டார்.

"அம்மாவுக்கு ஏதாவது பழக்கம் உண்டா? புகையிலை, மூக்குப்பொடி, குடி? முழுசா மயக்கம் குடுத்துச் செய்யப்போறோம், எதையும் மறைக்கக் கூடாது."

"எங்கம்மாவா?" என்று நாத்தனார் சிரித்தேவிட்டாள். "காப்பிகூட ஒரு வேளைதான் டாக்டர்."

"ஒண்ணும் கிடையாதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மாமா என்னைப் பார்த்தார். கும்பிடவில்லை, அவ்வளவுதான். அந்த முகத்தில் இருந்தது முழுக்க முழுக்க வேண்டுதல். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் எழுதி முடித்துப் பேனாவைப் பையில் செருகிவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவர் கதவைத் தாண்டிவிட்டால் நான் சொல்ல மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்பது வருடமாகச் சொல்லாதவள்தானே.

"டாக்டர், அத்தை கறை எடுக்கிற லிக்விடை மோந்து பாப்பாங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "தினமும். முப்பது வருசமா."

நாத்தனார் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். என் வீட்டுக்காரர் "ஏய்" என்று அதட்டினார். சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்து அத்தையின் பக்கத்தில் குனிந்தார்.

"உண்மையாம்மா? கடைசியா எப்போ?"

அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நேத்து. கல்லுல விழுறதுக்குச் செத்த முன்னால."

ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. இ.சி.ஜி. எடுத்தார்கள். துடிப்பு நடுநடுவே தப்பிப் போய்க்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஈரலும் கெட்டிருந்தது. இப்படிப்பட்ட இதயம் சில மயக்க மருந்துகளைத் தாங்காமல் போகலாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பத்து நாள் அங்கேயே வைத்திருந்து, இதயத்துக்கும் நடுக்கத்துக்கும் மாத்திரை கொடுத்து, பிறகு கையை மட்டும் மரத்துப்போக வைத்து பிளேட் வைத்தார்கள். அந்தப் பத்து நாளில் தலைவலியிலும் நடுக்கத்திலும் அத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். துணைக்கு நான்தான் இருந்தேன். அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொடுத்த கஞ்சியைக் குடித்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தையல் பிரித்த அன்று காலையில்தான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, நீ சொல்லாம இருந்திருந்தா நான் செத்திருப்பேனா?"

"தெரியாது அத்தை."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"அவருக்கும் உறுதியாத் தெரியாதாம். நடந்திருக்கலாம்னாரு."

"உறுதியாத் தெரியாத ஒண்ணுக்கா அம்புட்டுப் பேரு முன்னால என் மானத்தை வாங்குன?"

"ஆமா" என்றேன். அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அத்தை இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த மேசையில நாங்க எட்டுப் பேரு. ஒருத்தி போயிட்டா. நான் இங்க கெடக்கேன். மிச்சம் ஆறு பேரு இருக்காளுக. எல்லாருக்கும் வயசாச்சு. கண்ணு ஆபரேசன், கர்ப்பப்பை ஆபரேசன்னு ஒவ்வொருத்தியா இப்படி வந்து படுக்கத்தான் போறாளுக. பழக்கம் உண்டான்னு கேட்டா ஒருத்தியும் சொல்ல மாட்டா. நீ போயிச் சொல்லிட்டு வா."

"நான் போயிச் சொன்னா நம்ப மாட்டாங்க அத்தை. அடிக்க வருவாங்க."

"என் பேரைச் சொல்லு. நானும் மோந்தேன்னு சொல்லு. கம்பெனியில எம்புட்டு வருசம், வீட்டுல எம்புட்டு வருசம், எல்லாத்தையும் சொல்லு."

நான் எழுந்து நின்றேன். முதலில் யார் வீட்டுக்குப் போகட்டும் என்று கேட்டேன்.

"சேத்தூருக்குப் போ" என்றார் அத்தை. "எம் மகளோட மாமியாகிட்ட. மடிக்கிற எடத்துக்குப் போறதுக்கு முன்னால பத்து வருசம் எனக்குப் பக்கத்து ஸ்டூல்ல இருந்தவ. அன்னைக்கு நீ சொன்னப்போ தலையைக் குனிஞ்சாளே, என்னைய நெனச்சு வெக்கப்பட்டான்னா நெனச்ச?"